எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு பார்க்கலாம்? எக்ஸெல் சொல்லும் பதில்

சென்னையில் வேலை கிடைத்து வீடு தேடும் எல்லாரும் இப்போது முதலில் கேட்பது "மெட்ரோ பக்கமா?" என்றுதான். வீட்டு விளம்பரங்களிலும் "மெட்ரோவிலிருந்து 5 நிமிடம்" என்ற வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. இந்த ஐந்து நிமிடத்தை நம்பி நானும் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். குடிபோன முதல் திங்கட்கிழமை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 16 நிமிடம் ஆனது! ஒப்பந்தக் காலம் முடியுமுன் காலி செய்ததில் ஒரு மாத வாடகை போனதுதான் மிச்சம்.

இரண்டாவது முறை அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்று எக்ஸெல்லைத் திறந்து உட்கார்ந்தேன். அப்போது தயாரித்த ஒர்க் ஷீட்டைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸில் இதையே செய்யலாம்.

பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் அமைந்தவை இரண்டு பாதைகள். நீலப் பாதை விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை செல்கிறது. பச்சைப் பாதை சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை வரை செல்கிறது. இரண்டும் சந்திக்கும் இடங்கள் சென்ட்ரல், ஆலந்தூர். 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியது. 2017 மே 14-ல் திருமங்கலம் - நேரு பூங்கா இடையே முதல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது.

என் ஆபீஸ் ஈக்காட்டுத்தாங்கலில், பச்சைப் பாதையில். தரகர் காட்டியதில் நான்கு வீடுகள் தேறின. வடபழனி (வாடகை 19,000 ரூபாய்), அரும்பாக்கம் (16,000), அண்ணா நகர் கிழக்கு (20,000), நங்கநல்லூர் சாலை (15,000). ஸ்டேஷன்களை மட்டும் எண்ணினால் வடபழனியும் நங்கநல்லூர் சாலையும் ஆபீசிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்கள். அரும்பாக்கம் மூன்றாவது. அண்ணா நகர் கிழக்கு எட்டாவது. அப்படியானால் வடபழனிதானே சரி என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நிமிடத்தை எப்படி அளப்பது?

ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதி உண்டு. ஸ்டேஷனிலிருந்து இத்தனை நிமிட நடை என்று போட வேண்டுமானால், 80 மீட்டரை ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும். மீதி வரும் மீட்டர்களையும் ஒரு முழு நிமிடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது ஐந்து நிமிடம் என்றால் 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் இப்படிப்பட்ட கணக்கு விளம்பரங்களில் இல்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தூரத்தைக் கூகுள் மேப்ஸில் எடுக்கலாம். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு இழுத்துப் பார்க்காதீர்கள். டைரக்ஷன்ஸ் கிளிக் செய்து, நடந்து செல்லும் மனிதர் படத்தைத் தேர்ந்தெடுங்கள். சேரும் இடமாக ஸ்டேஷன் பெயரைக் கொடுத்தால் போதாது. நீங்கள் நுழையப்போகும் வாசலையே கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டையில் செட்டியார் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். தெரியாதவர் பின்வாசலில் வந்து நின்றால் தெருவையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். மெட்ரோ ஸ்டேஷனும் அப்படித்தான். என்னுடைய 16 நிமிடத்தில் பாதி, ரோட்டின் மறுபக்கம் இருந்த வாசலுக்குப் போய்ச் சேரவே செலவானது.

ஒர்க் ஷீட் தயாரிப்போமா?

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். ஏ - ஸ்டேஷன். பி - வீட்டிலிருந்து வாசல் வரை மீட்டர். சி - அந்த நடைக்கு நிமிடம். டி - வாசலிலிருந்து பிளாட்பாரம். இ - ரயிலுக்குக் காத்திருப்பது. எப் - ரயிலில். ஜி - ரயில் மாறுவது. எச் - இறங்கி ஆபீஸ் வரை. ஐ - மொத்தம். ஜே - மாதத்துக்கு எத்தனை மணி நேரம்.

எட்டத்தில் உள்ள என்1 செல்லில் 80 என்று டைப் செய்யுங்கள். இது நம் நடை வேகம். இனி சி2 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் அமைத்து என்டர் தட்டவும்.

=ரவுண்டப்(பி2/$என்$1,0)

ரவுண்டப் என்ற பங்க்ஷன் மீதியை மேல்நோக்கி முழு எண்ணாக்கிவிடும். டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுத்துக் காப்பி செய்யும்போது பி2 என்பது பி3, பி4 என்று தானாக மாறும். ஆனால் வேகம் இருக்கும் செல் மாறக் கூடாது. டாலர் குறி அதை அதே இடத்தில் பிடித்து வைக்கிறது. செல் பெயரின் மேல் கர்சர் இருக்கும்போது எப்4 கீயைத் தட்டினால் இந்தக் குறி தானாகவே வந்துவிடும்.

ஐ2 செல்லில் =சம்(சி2:எச்2). ஜே2 செல்லில் =ஐ2*44/60. மாதம் 22 வேலை நாள், போக வர 44 பயணம் என்பதால் 44. இவற்றையும் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

டி முதல் ஜி வரையிலான எண்களை ஊகித்துப் போடாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நேரில் போய் அளந்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். பை சோதனை வரிசை, நகரும் படிக்கட்டு நெரிசல் எல்லாம் வேலை நாளில்தான் தெரியும்.

எனக்குக் கிடைத்த மொத்தம் இதுதான். வடபழனி 35 நிமிடம். அரும்பாக்கம் 31. அண்ணா நகர் கிழக்கு 43. நங்கநல்லூர் சாலை 42. பார்த்தீர்களா? இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் வடபழனியை மூன்று ஸ்டேஷன் தள்ளியிருக்கும் அரும்பாக்கம் வென்றுவிட்டது. காரணம், வடபழனி வீடு வாசலிலிருந்து 950 மீட்டர். அரும்பாக்கம் வீடு 480 மீட்டர்தான். நங்கநல்லூர் சாலையிலிருந்து வந்தால் ஆலந்தூரில் ரயில் மாற வேண்டும். எனக்கு அதற்கே எட்டு நிமிடம் போனது.

அரும்பாக்கத்துக்கும் அண்ணா நகர் கிழக்குக்கும் வித்தியாசம் ஒரு பயணத்துக்கு 12 நிமிடம். மாதத்துக்கு 8.8 மணி நேரம், அதாவது ஒரு முழு வேலை நாள். வாடகையும் அரும்பாக்கத்தில் 4,000 ரூபாய் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

விட்டுப்போன ஒரு வரிசை

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காலமான பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தார்கள். ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது. இன்னொரு கண்ணில் பார்வை மங்கல். கண்ணுடைய நாயகி ஊரிலேயே இருந்தும் இப்படியா என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என்னுடன் சென்னைக்கு வந்துவிடச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் என் ஷீட்டில் அம்மா எங்கும் இல்லை.

அன்று மாலை வீட்டிலிருந்து கண்ணாத்தாள் கோயிலுக்கு அம்மாவுடன் நடந்தேன். செல்போனில் பார்த்தால் 400 மீட்டர். பத்து நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர், என் வேகத்தில் சரிபாதி. விளம்பரத்தில் உள்ள ஐந்து நிமிடம் அம்மாவுக்குப் பத்து நிமிடம்.

"எவ்வளவு தூரம்மா நடக்க முடியும்?" என்று கேட்டேன்.

"கால் மணி நேரம் நடப்பேன் தம்பி. பெரிய ரோட்டைத் தாண்டணும்னா மட்டும் என்னால ஆகாது. வண்டி கிட்ட வருதா தூரத்துல வருதான்னு தெரியலை. நான் வீட்டோடயே இருந்துக்குவேன்."

அரும்பாக்கம் வீட்டிலிருந்து எந்தக் கடைக்குப் போவதானாலும், ஸ்டேஷனுக்குப் போவதானாலும் நூறடி ரோட்டைத் தாண்டியாக வேண்டும். எனக்கு அது அரை நிமிட வேலை. அம்மாவுக்கோ வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடப்பது என்று பொருள்.

அம்மாவுக்கு ஒரு ஷீட்

கீழே ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி தேர்ந்தெடுத்து, கிரியேட் எ காப்பி என்ற கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். புதிய ஷீட்டில் என்1 செல்லில் 80-ஐ அழித்து 40 என்று போடுங்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் சி வரிசை முழுவதும் தானாக மாறுவதைப் பார்க்கலாம்.

அம்மா போக வேண்டிய இடம் எழும்பூர். 1819-ல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. காரைக்குடி போகும் பல்லவன் எக்ஸ்பிரஸும் எழும்பூர் ரயில்தான். (நிலையப் பணிகளுக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றுவதுண்டு. டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளவும்.) எனவே எப், ஜி வரிசைகளில் எழும்பூர் வரையிலான நேரத்தைப் போட்டேன். எச் வரிசையைக் காலியாக விட்டேன். டி வரிசையில் லிப்ட் வழியாகப் போகும் நேரத்தைப் போட்டேன். வந்த மொத்தம்: அண்ணா நகர் கிழக்கு 34 நிமிடம், அரும்பாக்கம் 48, வடபழனி 62, நங்கநல்லூர் சாலை 70.

ஆனால் அம்மா எழும்பூருக்கு மாதம் ஒருமுறைதான் போவார்கள். நான் 22 நாள் ஆபீஸ் போகிறேன். இரண்டு ஷீட்டையும் கூட்டினால் மறுபடியும் அரும்பாக்கமே வெல்லும். இங்கேதான் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். கூட்டிக் கழிக்கக் கூடியவை சில. கூட்டவே கூடாதவை சில. நிமிடமும் ரூபாயும் முதல் வகை. அம்மாவால் தாண்ட முடியாத ரோடு இரண்டாவது வகை. அதற்கு இத்தனை நிமிடம் என்று மதிப்புப் போட்டுக் கூட்டினால் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்.

இதற்கு இப் பங்க்ஷன் கைகொடுக்கும். கே வரிசையில் தாண்ட வேண்டிய பெரிய ரோடுகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். எல்2 செல்லில் இந்தப் பார்முலா:

=இப்(ஆர்(கே2>0,சி2>15),"வேண்டாம்","பார்க்கலாம்")

ரோடு தாண்ட வேண்டியிருந்தாலோ, நடை 15 நிமிடத்தைத் தாண்டினாலோ "வேண்டாம்" என்று வரும். அரும்பாக்கம் ரோட்டினால் விலகியது. வடபழனி 24 நிமிடம், நங்கநல்லூர் சாலை 20 நிமிடம் என்று நடையினால் விலகின. மிஞ்சியது அண்ணா நகர் கிழக்கு. 380 மீட்டர். தரைத்தளம். ஸ்டேஷன் வாசல் வீடு இருக்கும் பக்கத்திலேயே. மொத்தத்தில் கடைசியாக நின்ற வீடு அது. வாடகையும் அதற்குத்தான் அதிகம். அதையே எடுத்தேன்.

கவனிக்க வேண்டியவை

"வரப்போகும் மெட்ரோ" என்று சொல்லி அதிக வாடகை கேட்பார்கள். இரண்டாம் கட்டம் மூன்று பாதைகளாக 118.9 கிலோமீட்டர். பகுதி பகுதியாகத்தான் திறக்கப்படும். ரயில் நிற்கும் ஸ்டேஷனுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

ஊர் பஸ் பிடிக்கும் இடத்தையும் கணக்கில் சேருங்கள். தென் மாவட்ட பஸ்களுக்காகக் கோயம்பேடு பக்கம் வீடு பிடித்தவர்கள் பலர். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. வருடம் ஒருமுறை ஷீட்டைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள்.

கட்டணத்தையும் ஒரு வரிசையாகச் சேர்க்கலாம். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2021 பிப்ரவரியில் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போகிறவர்கள், 2025 செப்டம்பரில் வெளியான சென்னை ஒன் செயலியில் இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம்.

போன வாரம் ஆபீசிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பயந்துபோய் மறுபடி அடித்தால், "காய் வாங்க வந்திருக்கேன் தம்பி, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்கள். மாதம் 8.8 மணி நேரம் கூடுதலாக ரயிலில் நிற்பதைப் பற்றி நான் இப்போது குறைப்படுவதில்லை.

நீங்களும் ஒரு ஷீட் போட்டுப் பாருங்கள். என்1 செல்லில் 80 என்று டைப் செய்யுமுன், அந்த வீட்டில் யார் யார் நடக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.