விலை கொடுத்தும் சொந்தமாகாதவை

நகரத்து நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் பெருஞ்செலவுகளில் வீடும் வாகனமும் முதன்மையானவை. கைபேசி இணைப்புக்கு ஆகும் தொகை சிறியதேயாயினும், வங்கிக் கணக்கு முதல் சமையல் எரிவாயு உருளை வரை எல்லாமே அந்தப் பத்து இலக்க எண்ணோடு பிணைக்கப்பட்டுவிட்டதால் அதன் இழப்பு சிறியதாக இருப்பதில்லை. இம்மூன்றையும் சுற்றி எழும் அன்றாடப் பூசல்களில் பலவற்றுக்கு ஒரே வேர் உண்டு. வாங்கியவர் தமது உடைமை என நம்பும் ஒன்று, சட்டத்தின் பார்வையில் நிபந்தனைகளுக்கு உட்பட்ட பயன்பாட்டு அனுமதியாக மட்டுமே இருக்கிறது. அந்த வேறுபாடு விற்பனையின்போது யாராலும் சொல்லப்படுவதில்லை.

இதற்கு மிகத் தெளிவான சான்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கிலிருந்த முறைப்படி, வீடு வாங்கியவர் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டார்: நிலத்தில் அவருக்குரிய பிரிபடாத பாகத்தை, அதாவது வேலியிட்டுத் தனியே காட்ட முடியாமல் மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்தே அனுபவிக்க வேண்டிய பங்கை, அவர் பெயருக்கு மாற்றும் கிரயப் பத்திரம் ஒன்று, வீட்டைக் கட்டித் தருவதற்கான கட்டுமான ஒப்பந்தம் மற்றொன்று. கார் நிறுத்துமிடம் இவற்றில் ஒரு வரியாகவோ, கட்டுமான நிறுவனம் தரும் ஒதுக்கீட்டுக் கடிதமாகவோ இடம்பெற்றது. அதற்கெனத் தனித்தொகை பெறப்படுவதும் உண்டு. பணம் கொடுத்தவர் அந்தச் செவ்வகத்தைத் தமக்கு விற்கப்பட்ட நிலமாகவே கருதித் தூணில் வீட்டு எண்ணை எழுதுகிறார், சங்கிலி கட்டுகிறார், கார் இல்லாத காலத்தில் வாடகைக்கும் விடுகிறார்.

அந்த நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று வழங்கிய தீர்ப்பு அசைத்தது. மும்பையின் தஹிசர் பகுதியிலுள்ள பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் அக்கட்டடத்தை எழுப்பிய நகல்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் இடையிலான அவ்வழக்கில், தூண்களின்மேல் கட்டடம் நிற்க அடியில் திறந்து கிடக்கும் 'ஸ்டில்ட்' தளத்தின் 25 நிறுத்துமிடங்களும் தன்னுடையவை என்று நிறுவனம் வாதிட்டது. மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டு அடுக்குமாடி வீட்டுச் சட்டத்தை ஆராய்ந்த நீதிபதிகள், ஸ்டில்ட் தளத்து நிறுத்துமிடம் தனி வீடும் ஆகாது, 'கராஜ்' எனப்படும் வாகனக் கொட்டகையும் ஆகாது, அது பொதுப் பகுதியே, ஆகவே கட்டுநர் அதனைத் தனியே விற்க முடியாது என்று முடிவு செய்தனர். அச்செலவை வீட்டின் விலையோடு விகிதப்படி சேர்த்துப் பெறுவதற்குத் தடையில்லை. ஒரு முறை எல்லோரிடமும் பெற்றுவிட்டதை மறுமுறை ஒருவரிடம் விற்பதுதான் கூடாது.

2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், பேச்சு வழக்கில் 'ரெரா', இக்கருத்தை நாடு முழுமைக்கும் ஓரளவு கொண்டுவந்தது. அச்சட்டம் திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்ததோடு, தனியே விற்கத்தக்க 'கராஜ்' என்பதற்குக் கூரையும் மூன்று பக்கச் சுவரும் வேண்டும் என வரையறுத்தது. கூரை உண்டு, சுவர் இல்லை என்ற நிலையிலுள்ள ஸ்டில்ட் தளம் இந்த வரையறைக்குள் வர முடியாது. ஆயினும் விற்பனை நின்றுவிடவில்லை. விலைப்பட்டியலில் அதன் பெயர்தான் மாறியது. 'மூடிய நிறுத்துமிடத்துக்கான கட்டணம்', 'வசதிக் கட்டணம்' போன்ற தலைப்புகளின்கீழ் அதே தொகை பெறப்படும்போது, வாங்குபவர் கையில் மிஞ்சுவது இன்ன இடத்தை இவர் பயன்படுத்தலாம் என்ற ஒதுக்கீடு மட்டுமே.

ஒதுக்கீடு என்றால் அதை நிர்வகிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்; கட்டுநர் விலகிய பின் அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளர்களின் சங்கத்துக்கு வந்து சேர்கிறது. சங்கம் தனக்கென வகுத்துக்கொள்ளும் துணைவிதிகள் குடியிருப்புக்குள் ஏறத்தாழச் சட்டத்தின் வலிமையோடு இயங்குகின்றன. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், இடத்தைவிட வாகனம் மிகுமானால் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஒதுக்க வழி சொல்கின்றன. தமிழ்நாட்டுக் குடியிருப்புகளில் அத்தகைய தெளிவு அரிது. முதலில் குடிவந்தவர் நல்ல இடத்தைப் பிடித்திருப்பார், பின்னால் வந்தவர் தூணுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவில் சிக்கியிருப்பார், இரண்டாவது கார் வாங்கியவர் விருந்தினர் இடத்தை நிரந்தரமாக்கியிருப்பார். பழைய 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், சங்கம் அமைப்பதையும் துணைவிதிகளையும் கட்டாயக் கடமைகளாக வலியுறுத்துகிறது. எனினும் காகிதத்தில் துணைவிதி எழுதுவதைவிட, ஏற்கெனவே சங்கிலி கட்டியவரிடம் அதைக் கழற்றச் சொல்வதே கடினமான வேலை.

இடத்தின் அளவு இன்னொரு மனக்குறை. ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் போதுமெனக் கட்டட விதிகளில் பரவலாகக் கொள்ளப்படுகிறது. இன்றைய பெரிய ரகக் கார்களின் அகலம் ஏறத்தாழ 1.8 மீட்டர், மீதமுள்ள 70 சென்டிமீட்டரை இருபுறமும் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 35 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அதில் தூணும் குழாயும் தம் பங்கை எடுத்துக்கொண்டால் ஓட்டுநர் இறங்க வழியிராது. படுக்கையறையின் நீள அகலத்தை நாடா பிடித்து அளக்கும் குடும்பங்கள் இந்த இடத்தை மட்டும் அளக்காமல் கையெழுத்திடுவது வியப்புக்குரியது. உத்தரங்கள் குறுக்கிடுவதால் காரை நிறுத்தவே முடியவில்லை என்ற முறையீடுகள் பெருகவே, மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2024இல், நிறுத்துமிடத்தின் நீளம், அகலம், உயரம், அமைவிடம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும் என ஆணையிட்டது. மற்ற மாநிலங்களில் வாங்குபவரும் இதைத் தாமாகக் கேட்டுப் பெறுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மின்சாரக் கார்கள் வந்தபின் இப்பூசலுக்குப் புதிய கிளை முளைத்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்னிணைப்பைக் கொண்டே உரிமையாளர் தம் வாகனத்துக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆனால் மூன்றாம் மாடி வீட்டின் மீட்டரிலிருந்து தரைத்தள நிறுத்துமிடத்துக்குச் செல்லும் கம்பி பொதுச் சுவர்களின் வழியாகவே போக வேண்டும். அங்கே சங்கத்தின் ஒப்புதல் குறுக்கிடுகிறது. தீப்பிடிக்கும் என்ற அச்சமும், கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு தாங்காது என்ற ஐயமும் மறுப்புக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பின்னது பல பழைய கட்டடங்களில் நியாயமான ஐயமே. மின்பளுவைக் கூட்டிப் பெறும் செலவை மின்சாரக் கார் வைத்திருப்பவர் மட்டும் ஏற்பதா, எல்லோரும் ஏற்பதா என்பதே உண்மையான சிக்கல்.

வாகனத்தின் பதிவெண்ணும் இவ்வாறே முழுச் சொந்தம் போலத் தோன்றும் ஒன்று. புதிய கார் வாங்கும்போது பல மாநிலங்கள் பல ஆண்டுகளுக்கான சாலை வரியை மொத்தமாகப் பெறுகின்றன. மக்கள் வழக்கில் அது ஆயுள் வரி. வரி செலுத்தியவரின் ஆயுளுக்கோ வண்டியின் ஆயுளுக்கோ அது நாடெங்கும் செல்லுபடியாகும் என்ற எண்ணம், வேலை மாற்றத்தால் சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயரும்போது கலைகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்படும் வாகனம் அம்மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற வேண்டும். பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்று பெறுவது, கடன் இருந்தால் வங்கியின் இசைவைப் பெறுவது, புதிய மாநிலத்தின் வரியைக் கட்டுவது, அதன்பின் பழைய மாநிலத்திடம் மீதக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்பது என்ற வரிசையில், பணம் கட்டும் படிகள் விரைவாகவும் பணம் திரும்பும் படி மெதுவாகவும் நடப்பது அனைவரும் அறிந்ததே. 2021இல் அறிமுகமான 'பி.எச்.' எனத் தொடங்கும் பாரத் வரிசைப் பதிவு இச்சுமையை நீக்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரி கட்டினால் போதும். ஆனால் அரசு ஊழியர்களுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்துள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்குமே அது திறந்திருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவரும் சிறு நிறுவனத்தில் பணிபுரிபவரும் பழைய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கைபேசி எண்ணின் நிலை இன்னும் நொய்தானது. எண்கள் அரசின் வளம். நிறுவனங்கள் அவற்றைப் பெற்று வாடிக்கையாளருக்கு ஒதுக்குகின்றன. 2011 ஜனவரி முதல், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடெங்கும் நடைமுறையில் இருப்பதால் எண் தமக்கே சொந்தம் என்ற உணர்வு வலுப்பெற்றது இயல்பே. ஆயினும் முன்கட்டண இணைப்பு 90 நாள்கள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் இணைப்பைத் தொடரும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' செய்துள்ளது. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. ஊரிலுள்ள தாயின் எண்ணில் வங்கிக் கணக்கை இணைத்துவிட்டு, அதற்குப் பணம் போட மறந்த பிள்ளைகளுக்கு இந்த விதி தெரியவருவது பெரும்பாலும் காலம் கடந்த பின்னரே.

குறையை எங்கே சொல்வது என்பதிலும் தொலைபேசி வாடிக்கையாளரே நெடுங்காலம் இடர்ப்பட்டார். டிராய் தனிநபரின் புகாரை விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையம், அதன்மேல் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்ற இரண்டு படிகளையே அது வகுத்துள்ளது. நுகர்வோர் மன்றத்துக்குச் செல்வதையும், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2009இல் அடைத்துவிட்டது. அந்தக் கதவு 2022 பிப்ரவரி 16 அன்று திறந்தது. மாதச் சராசரி 555 ரூபாயாக இருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு 2013 நவம்பர்-டிசம்பரில் ஒரு மாதத்துக்கான பட்டியலில் 24,609 ரூபாய் கட்டணம் வந்திருந்தது. அவரது முறையீட்டில், தொலைத்தொடர்பும் நுகர்வோர் சட்டம் கூறும் 'சேவை'யே எனவும், தந்திச் சட்டம் அதற்குத் தடையாகாது எனவும் நீதிமன்றம் கூறியது. இன்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமின்றி, வழக்கறிஞர் இல்லாமலே, தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வீட்டுக் கட்டுநர்மீதான புகாருக்கு ரெராவும் நுகர்வோர் ஆணையமும் இரண்டுமே திறந்துள்ளன என்பதையும் 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அகமதாபாத் வாடிக்கையாளரின் வழக்கில் எட்டு ஆண்டுகளுக்குப் பின் முடிவானது, அதை விசாரிக்க நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது மட்டுமே. 24,609 ரூபாய் சரியா தவறா என்ற கேள்விக்கு விசாரணை அதன் பிறகுதான் தொடங்க வேண்டியிருந்தது.