கொரியக் கல்யாணத்துக்கு அழைப்பா? மொய் எழுதத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது!

சோழவந்தான் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்க்கிறோமோ இல்லையோ, மொய் எழுதும் மேஜையைப் பார்க்காமல் வர முடியாது. பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

சியோலிலும் அந்த மேஜை உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என இரண்டு. வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ கொரியா போயிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளை, கூட வேலை பார்ப்பவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேஜை மாறினால் மொய்க் கணக்கும் மாறிவிடும்!

கவரில் எவ்வளவு வைப்பது?

வெள்ளைக் கவர் அங்கேயே இருக்கும். பின்பக்கம், இடது ஓரத்தில், பெயரை மேலிருந்து கீழாக எழுத வேண்டும். நாம் 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்ப்போம். அங்கே அந்த 'ஒன்று' கிடையாது. ஆனால் ஒற்றைப்படைக் கணக்கு உண்டு: 30,000, 50,000, 70,000 வோன். அதற்கு மேல் 1 லட்சம். 40,000 மட்டும் வேண்டாம். கொரிய மொழியில் நான்கையும் மரணத்தையும் குறிக்கும் சொல் 'சா'. தமிழ்க் காதுக்கும் அது அப்படித்தானே கேட்கிறது!

சாதாரணப் பழக்கத்துக்கு 50,000 வோன், அதாவது சுமார் 3,000 ரூபாய். ஆனால் சாப்பாட்டு விலை ஏறிவிட்டதால், 'போகாமல் அனுப்பினால் 50,000, போய்ச் சாப்பிட்டால் 1 லட்சம்' என்ற பேச்சு இப்போது அங்கே சகஜம். கவரைக் கொடுத்தால்தான் சாப்பாட்டுச் சீட்டு கையில் வரும்.

அழைப்பிதழ் பெரும்பாலும் ககாவோடாக் செயலியில் வரும். வங்கிக் கணக்கு எண்ணும் அதிலேயே இருக்கும். முகம் சுளிக்க வேண்டாம். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு கியூஆர் கோடு அச்சடித்தது செய்தியானதே!

மண்டபத்தில் என்ன நடக்கும்?

அரை மணி நேரம்தான். அடுத்த ஜோடி வெளியே காத்திருக்கும். ஹன்போக் உடையில் இரண்டு அம்மாக்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நீலம் மாப்பிள்ளையின் அம்மா, இளஞ்சிவப்பு பெண்ணின் அம்மா. பெண்கள் வெள்ளை உடையில் போகக் கூடாது. அது மணப்பெண்ணுக்கு உரியது. கடைசியில் நண்பர்கள், சக ஊழியர்களுக்கென்று தனி போட்டோ எடுப்பார்கள். அதற்கு முன்பே பந்திக்கு ஓடிவிடாதீர்கள். கூட்டம் குறைந்தால் போட்டோவிலேயே தெரியும் என்று மணமக்கள் கவலைப்படுவது உண்டு.

கொடுத்த மொய் திரும்பி வருமா?

சிக்கலே இங்கேதான். கொரியாவிலும் பட்டியலைப் பத்திரமாக வைத்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறார்கள். அப்பா அம்மா ஊருக்கெல்லாம் வைத்த கவர்கள்தான் பிள்ளையின் கல்யாணத்தில் திரும்பி வருகின்றன. நம்ம ஊர் மொய் நோட்டு அப்பாவிடமிருந்து மகனுக்குக் கை மாறுவது போலத்தான். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பப் போகிறவர் அந்தச் சுழற்சிக்கு வெளியே நிற்கிறார். ஆகவே, திரும்பி வரும் என்று எண்ணாமல் உங்களால் முடிந்த தொகையை வையுங்கள். ஆனால் உங்கள் கல்யாணம் நிச்சயமானால், ஊரில் நடந்தாலும், ஆபீஸில் தேதியைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பதிலுக்குச் செய்ய நினைப்பவருக்குச் சங்கடம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்யாண விருந்துக்கென்றே பெயர் பெற்ற 'சான்ச்சி குக்சு' நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் நெத்திலி போட்டுக் கொதிக்க வைத்தது. பக்கத்தில் இருப்பவர், "எப்போது எங்களுக்கு குக்சு போடப் போகிறாய்?" என்று கேட்டால் பசியில் கேட்கவில்லை. நம்ம ஊரில் "எப்பப்பா கல்யாணச் சாப்பாடு போடப்போறே?" என்பார்களே, அதேதான்.