யாரும் வரையாத மைதானம்

எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு பந்தைக் கோலால் அடித்து அடித்து, 10.8 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள குழிக்குள் விழச் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடித்தவர் வென்றவர். கோல்ஃப் ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் ஹாக்கித் திடலுக்கும் டென்னிஸ் திடலுக்கும் இருப்பதுபோல் கோல்ஃப் திடலுக்கு நீள அகலம் விதிக்கப்படவில்லை. மேடு, பள்ளம், ஓடை, புதர் எல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி. ஆகவே உலகில் ஒரு திடலைப் போல் இன்னொன்று இராது.

இன்று புதிய திடல் அமைப்பதென்றால் முதலில் வரைபடம் போடுவார்கள். பிறகு மண் வாரும் இயந்திரங்கள் வரும். ஆனால் இத்திடல்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கும் ஒன்றை யாருமே வரையவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிற்றூரில் உள்ள ‘ஓல்டு கோர்ஸ்’ அது. அதை அமைத்தவை எவை?

முதலாவது, பனி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் மீது பெரும் பனிப்பாளம் படிந்திருந்தது. பல இடங்களில் அதன் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தப் பாரத்தால் நிலம் கீழே அமிழ்ந்தது. பனி உருகிப் பாரம் குறைந்ததும், மெத்தையில் உட்கார்ந்தவர் எழுந்தால் மெத்தை மெல்ல உப்புவது போல நிலம் எழத் தொடங்கியது. முன்பு கடலுக்கடியில் கிடந்த மணற்பரப்பு வெளியே வந்தது.

அடுத்தது, காற்று. வட கடலிலிருந்து வீசும் காற்று அந்த மணலை மேடு மேடாகக் குவித்தது. மாரம் என்ற புல் அதில் வேரோடி மணலைப் பிடித்து நிறுத்தியது. (நம் கடற்கரைகளில் இராவணன் மீசைப் புல் செய்யும் வேலை இதுவே.) கடலை விட்டுச் சற்று உள்ளே, ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் படர்ந்தது. மணலில் சத்தும் குறைவு, ஈரமும் நில்லாது. அதனால் புல் உயர்ந்து வளராமல் குட்டையாக, நெருக்கமாக இருந்தது. பந்து உருள்வதற்கு இதைவிடச் சிறந்த தரை வேண்டுமா?

உழவுக்கு உதவாத இத்தகைய கடலோர நிலத்தை ஸ்காட்லாந்தில் ‘லிங்க்ஸ்’ என்பார்கள். அது ஊர்ப் பொதுநிலமாக இருந்தது. ஆடுகள் மேய்ந்தன, முயல்கள் புல்லை ஒட்டக் கடித்தன. குளிர்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மேட்டுச் சரிவுகளைத் தேய்த்துத் தேய்த்துக் குழிகளாக்கின என்று சொல்வார்கள். அத்தகைய மணற்குழிகள்தான் ‘பங்கர்’. ஓல்டு கோர்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயரே ‘நரகம்’. ஏறக்குறைய 3 மீட்டர் ஆழம். அதில் பந்து விழுந்தவர்களைக் கேட்டால் பெயர்ப் பொருத்தம் சரி என்பார்கள்!

முயல்களால் ஒரு பெரிய சண்டையே மூண்டது. 1552-ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்று, இந்நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைப் பேராயருக்கும், கோல்ஃப் ஆடும் உரிமையை ஊராருக்கும் வழங்கியிருந்தது. 1797-இல் நகர மன்றம் கடனில் மூழ்கி நிலத்தை விற்றது. அது முயல் வளர்க்கும் வணிகர்கள் கைக்குப் போயிற்று. ஓரளவு முயல்கள் இருந்தபோது புல்வெட்டும் கருவியாகப் பயன்பட்டன. பெருகிவிட்டதும் தரையெல்லாம் வளையாயிற்று. ஊரார் வழக்குத் தொடுத்தார்கள், அடிதடியும் நடந்தது. 1821-இல் கோல்ஃப் ஆர்வலரான ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை வாங்கிய பிறகே அமைதி திரும்பியது.

உலகெங்கும் கோல்ஃப் திடலுக்கு 18 குழிகள் என்ற வழக்கமும் இங்கே பிறந்ததுதான். முதலில் ஆட்டம் ஊர் எல்லையில் தொடங்கி 11 குழிகள் போய், அதே குழிகளின் வழியே திரும்பும்; ஆக 22. முதல் நான்கு குழிகள் மிக அருகருகே இருப்பதாகக் கருதி, 1764-இல் அவற்றை இரண்டாக்கினார்கள். போக 9, வர 9 என்று 18 ஆயிற்று. இதில் மாய எண் எதுவுமில்லை!

ஆட்டக்காரர் பெருகியதும் போகிறவரும் வருகிறவரும் ஒரே குழியில் முட்டிக்கொண்டார்கள். ஆகவே குழியைச் சூழ்ந்த புல்தரையை அகலமாக்கி, அதில் இரண்டு குழிகள் வெட்டினார்கள். இன்றும் ஓல்டு கோர்ஸில் 2-ஆம் குழியும் 16-ஆம் குழியும் ஒரே புல்தரையில் இருக்கின்றன. 3-ம் 15-ம், 4-ம் 14-ம் அவ்வாறே. கூட்டிப் பாருங்கள், எந்த ஜோடியும் 18. அப்படியானால் 1-ம் 17-ம் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்று கேட்பீர்கள். அவையும் முன்பு ஒரே புல்தரையில்தான் இருந்தன. 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திடலின் காவலரான டாம் மாரிஸ் முதல் குழிக்குத் தனிப் புல்தரை அமைத்தார். அதுவரை கடிகார முள் திசையில் சுற்றிய ஆட்டத்தை எதிர்த்திசையிலும் ஆட இது வழி செய்தது. இப்போது எதிர்த்திசையே வழக்கம்.

இந்த டாம் மாரிஸிடம் ஒரு வைத்தியம் இருந்தது. புல் நலிந்தால் அதன்மேல் மணல் தூவுவார். மணல் சிறு பள்ளங்களை நிரப்பும், நீரை வடியவிடும், புல்லில் புதுத் தூர்களைக் கிளப்பும். உலகத் திடல்களில் இன்றும் இம்முறை கையாளப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்தித் தரைக்கு ஓய்வு தரும் வழக்கத்தையும் அவர் போற்றினார். பெரிய போட்டிகள் தவிர மற்ற ஞாயிறுகளில் இப்போதும் அங்கே ஆட்டம் இல்லை. அன்று ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் உலவுகிறார்கள். திடல் பொதுச்சொத்து அல்லவா? 1894-இல் நகரமே நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இப்போதைய கவலை முயல் அல்ல, கடல். ஸ்காட்லாந்தின் நிலம் இன்னும் மெல்ல எழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் புவி வெப்பமடைவதால் கடல் மட்டம் அதைவிட வேகமாக உயர்கிறது. வடக்கே மாண்ட்ரோஸ் என்ற பழைய கோல்ஃப் திடலின் கரையைக் கடல் அரித்துத் தின்று வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் மணல்மேடு உடைந்த இடங்களில் மணலைக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் மாரம் புல்லைக் கையால் நடுகிறார்கள்.