பூநாரையை எட்டும் பிரிட்ஜ் கேமரா

பைக்குள் அடங்கும் சிறிய கேமராவுக்கும் லென்ஸ் மாற்றும் டிஎஸ்எல்ஆருக்கும் இடைப்பட்டது பிரிட்ஜ் கேமரா. இதன் லென்ஸைக் கழற்ற முடியாது. அந்த ஒரே லென்ஸில் தெரு முழுவதையும் எடுக்கலாம், தொலைவில் நிற்கும் பறவையின் கண்ணையும் எடுக்கலாம். 2015இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 83 மடங்கு ஸூம் கொண்டது. 2018இல் வந்த பி1000 125 மடங்கு. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் பி1000இன் வீச்சு 24 முதல் 3000 மி.மீ. வரை.

இந்த வீச்சுக்குக் காரணம் சிறிய சென்சார். பி1000 லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ.தான். அதன் சென்சார் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ.; முழு ஃபிரேம் சென்சாருக்கு 864. ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இடத்தில் காட்சி பதிவாவதால், லென்ஸ் பார்க்கும் கோணம் குறுகி, பறவை பெரிதாகத் தெரிகிறது. இதற்கு விலையும் உண்டு. சிறிய சென்சாரில் விழும் வெளிச்சம் குறைவு. முழு ஸூமில் லென்ஸின் திறப்பும் எஃப்/8 ஆகச் சுருங்கிவிடும். மங்கலான வேளையில் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் மணல்மணலாகிவிடும். ஆகவே இந்தக் கேமராவுக்கு முதல் தேவை நல்ல வெயில்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் கேமராவைப் பழக நல்ல இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை தாணே கழிமுகத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடும். 2015இல் சரணாலயமான அந்தக் கழிமுகம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் சிவ்ரி போனால் அங்கும் சேற்றுநிலம் உண்டு. சிவ்ரிக் கரை கிழக்கே பார்த்தது. காலையில் சூரியன் எதிரே நிற்கும். பிற்பகலில் முதுகுப்பக்கமிருந்து வரும் வெளிச்சம் இளஞ்சிவப்பு இறகுகளை நன்றாகக் காட்டும். கடல் ஏறும், வற்றும் நேரத்தைப் பார்த்துச் செல்ல வேண்டும். நீர் வெகுதூரம் வற்றிவிட்டால் பறவைகளும் விலகிப்போகும். உச்சிவெயிலில் சேற்றிலிருந்து எழும் கானல் படத்தை நெளியச் செய்யும். எத்தனை மடங்கு ஸூம் இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தாராவியை ஒட்டி, மிட்டி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா வேறு பாடம் சொல்லும். குப்பைமேடாக இருந்து காடான 37 ஏக்கர் அது. மரநிழலில் வெளிச்சம் குறைவு, ஆனால் பறவை பக்கத்தில் இருக்கும். அங்கே ஸூமைப் பாதியில் நிறுத்தினால் திறப்பு அகலும், கை நடுக்கமும் அவ்வளவு தெரியாது. மாட்டுங்காவின் மரமடர்ந்த தெருக்களுக்கும் இதுவே பொருந்தும்.

பறக்கும் பறவையை முழு ஸூமில் தேடினால் வெறும் வானமே தெரியும். முதலில் அகலமாக வைத்துப் பறவையை நடுவில் கொண்டுவந்து, பிறகு ஸூம் செய்வதே வழி. நிலவைப் படமெடுக்க மொட்டைமாடியும் டிரைபாடும் போதும்; 2000 மி.மீ.யிலேயே முழுநிலவு ஃபிரேமின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பிவிடும்.

சுவரளவு பிரிண்டுக்கும் இரவுநேர விளையாட்டுக்கும் பெரிய சென்சாரே ஏற்றது. பகலில் பறவை பார்ப்பவருக்குப் பிரிட்ஜ் கேமரா தாராளம். சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கலைக்காமல், இரை தேடும் பூநாரையைக் கரையிலிருந்தே எடுக்கலாம் என்பது அதன் பெரும் பயன்.