அலையைக் கேட்குமுன் அடித்தரையைக் கேளுங்கள்

விடுமுறை நாளொன்றில் உங்கள் மகன் அருகில் வந்தமர்ந்து, "வாப்பா, நண்பர்களோடு அறுகம்பைக்குப் போய் அலைச்சறுக்குப் பழகி வரட்டுமா?" என்று கேட்டால் என்ன விடை பகர்வீர்கள்? கடல் ஆபத்து என்று ஒரே சொல்லில் மறுத்துவிடத் தோன்றும். அல்லது பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள்; அவன் திரும்பும்வரை உம்மாவுக்கு உறக்கம் இராது. இவ்விரண்டுக்கும் முன்பாக அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு இப்போது எவ்வளவு தெரியும்?" எந்தக் கடற்கரை என்பதை அந்த விடையே முடிவு செய்ய வேண்டும். நண்பர்கள் காட்டிய படமன்று.

அலை எவ்வாறு உடைகிறது என்பதைப் பெரும்பாலும் கடலின் அடித்தரையே தீர்மானிக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் அலை, ஆழம் குறைந்த இடத்தை எட்டியதும் அதன் அடிப்பகுதி வேகம் தளர்கிறது. மேற்பகுதி முந்திக் கவிழ்கிறது. மெல்ல மெல்ல ஆழம் குறையும் மணற்கரையில் அது நிதானமாக நுரைத்துச் சரியும். திடீரென மேலெழும் பாறைத்திட்டில் அதே அலை சுவராக எழுந்து, வளைந்து விழும். புதிதாகக் கற்பவன் ஒரு நாளில் எத்தனையோ முறை விழுவான். விழுகின்ற இடம் மணலா, கூரிய பவளமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஆகவே, பலகையையே தொட்டறியாத பிள்ளைக்கு மணற்கரைதான் ஏற்றது. தர்காவால் நம்மவர் நெடுங்காலமாக அறிந்த கோவளம் சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குக் கற்பிக்கின்றனர். இலங்கைக்கே போக வேண்டுமெனில், தென்கரையிலுள்ள வெலிகமை பொருத்தமானது. பிறைபோல் வளைந்த குடா, அடியில் மணல். ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். இலங்கையின் தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்கு ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை நற்காலம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியபின் அக்கரைகள் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையின் காலம் பிறக்கும். ஒரே தீவு, இரண்டு பருவங்கள்! இதை அறியாமல் பயணச்சீட்டு வாங்கிவிட்டு வருந்துவோர் பலர்.

பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் நம் மொழி பேசும் முஸ்லிம்கள் நிறைந்து வாழ்கின்றனர். உணவுக்கும் தொழுகைக்கும் குறைவில்லை. எனினும் அதன் புகழுக்குக் காரணமான 'மெயின் பாயிண்ட்' பாறையும் பவளமும் கொண்ட முனையில் உடையும் அலை, கூட்டமும் மிகுதி. உடையாத அலையைத் தானே தேர்ந்து, பலகையில் எழுந்து, அலையின் முகத்தில் பக்கவாட்டாக ஓடத் தெரிந்தவனுக்கே அது உரியது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்னும் கடல் ஒழுங்கும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சகோதரியின் மகன் இரண்டே நாள் பயிற்சியோடு அங்கே இறங்கினான். அவனுடைய பலகை வேறொருவரின் தோளில் மோதியது; அவன் பாதம் பாறையில் கிழிந்து தையல் போடும்படி ஆயிற்று. காயம் ஆறிவிட்டது. முன்பின் அறியாத ஒருவரைத் தன்னால் வலியில் துடிக்கக் கண்டதைத்தான் அவன் இன்றளவும் மறக்கவில்லை. அவ்வூரிலேயே கற்பவர்க்கென்று 'பேபி பாயிண்ட்' இருக்கிறது. வடக்கே சிறிது தூரத்தில் 'விஸ்கி பாயிண்ட்' உள்ளது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அலை சாதுவானது.

மாலத்தீவைப் பற்றியும் கூறியாக வேண்டும். நம் குடும்பங்கள் ஏமாறக்கூடிய இடம் அதுவே. மக்கள் வாழும் தீவுகளில் மது இல்லை, ஹலால் உணவு, கண்ணியமான உடை. பிள்ளையை அனுப்ப இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். ஆயின், சூழல் நமக்கு ஏற்றதாக இருப்பது வேறு. அலை அவனுக்கு ஏற்றதாக இருப்பது வேறு. துலுஸ்தூ போன்ற தீவுகளின் பேர்பெற்ற அலைகள் பவளத்திட்டின் மேலேயே உடைகின்றன. 1973இல் அத்தகைய திட்டொன்றில் மோதித் தரைதட்டிய பாய்க்கப்பலில் வந்தவர்தான் ஆஸ்திரேலியரான டோனி ஹிண்ட். அலைகளில் மனம் பறிகொடுத்து அங்கேயே தங்கினார். இஸ்லாத்தைத் தழுவி, ஹுசைன் என்னும் பெயரையும் ஏற்றார். மாலத்தீவின் அலைச்சறுக்குக்கு முன்னோடியான அவர், 2008இல் அலைச்சறுக்கில் ஈடுபட்டிருந்தபோதே காலமானார்.

எந்த ஊராயினும் நீச்சல் முதலில் வரட்டும். குளத்து நீச்சல் போதாது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற அவன் அறிந்திருக்க வேண்டும்.

மகள் கேட்டால்? 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. உடலை மறைத்து அணியும் நீச்சலுடையோடு பலகையில் நிற்பதற்குத் தடையேதும் இல்லை. அவளிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: "உனக்கு இப்போது எவ்வளவு தெரியும், மகளே?"