விளையாட்டு நின்றால் பழுது எங்கே?

பள்ளி விடுமுறை நாள்களில் எமது தேவரா கிளைக்கு வரும் பெற்றோருள் சிலர், பாஸ் புத்தகத்தோடு வேறொரு முறையீட்டையும் கொண்டு வருகின்றனர். பிள்ளை ஆடும் ஆன்லைன் விளையாட்டு தொடர்பற்று நிற்கிறது, அதற்குச் செலுத்திய பணமும் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது என்பதே அது. விளையாட்டு எமது துறை அன்று. பணம் எமது துறை. இரண்டும் பிணைந்து வருவதால் சேர்த்தே விளக்குகிறோம்.

நம் வீட்டுக் கருவி, இணைய நிறுவனத்தின் இணைப்பு, விளையாட்டு நிறுவனத்தின் சர்வர் ஆகிய மூன்றும் இயங்கினால்தான் விளையாட்டு நடக்கும். சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். பழுது அங்கே எனில் நாம் இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அதைக் கண்டறிவதும் எளிது. அதே அலைபேசியில் வேறொரு செயலியைத் திறந்து பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே விளையாட்டைத் திறவுங்கள். மற்றவை இயங்க, இது மட்டும் இருவழியிலும் மறுக்குமானால் பழுது பெரும்பாலும் சர்வரில்தான். நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை நிலைப் பக்கத்தில் அறிவிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

தொடர்பு அறாமல் தாமதம் மட்டும் இருந்தால் அது வேறு செய்தி. கொச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே ஏறத்தாழ 30 மில்லி செகண்டு ஆகும். அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்க விளையாட்டில் வசதி இருந்தால் தாமதம் குறையும்.

சர்வர் பழுதின்போது பலர் ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியைக் குத்தி ரீசெட் செய்கின்றனர். இணைய நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இதனால் அழிந்துபோகக்கூடும். நன்றாயிருந்த இணைப்பும் அப்போது போய்விடும். செயலியை நீக்கி மீண்டும் ஏற்றுவதும் அத்தகையதே. விருந்தினர் கணக்கில் ஆடும் பிள்ளையின் பல மாத முன்னேற்றம் அதனோடு மறையலாம்.

இனி, பணம். நாணயமோ சலுகைப் பொதியோ வாங்கும் வேளையில் சர்வர் அறுந்தால், நம் கணக்கில் பற்று விழுந்து விற்பவருக்கு உறுதி போகாமல் நிற்கலாம். அவசரப்பட்டு மறுபடி செலுத்தினால் இருமுறை பற்று விழும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, யுபிஐ வழியாகவோ இணையத்தில் அட்டை வழியாகவோ வணிகருக்குச் செலுத்திய இத்தகைய தொகை, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் தானே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் விற்பவரைச் சேர்ந்து, பொருள் மட்டும் வரவில்லையெனில் இவ்விதி பொருந்தாது. விளையாட்டு நிறுவனத்திடமோ செயலிக் கடையிடமோதான் முறையிட வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமையால்தான் பலர் எமக்கும் அவர்களுக்கும் இடையே அலைகின்றனர்.

2011 ஏப்ரல் 20 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகெங்கும் நின்றது. ஊடுருவியோர் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்களை அடைந்திருக்கலாம் என்பது ஏப்ரல் 26 அன்றுதான் வெளிப்பட்டது. சேவை மீளத் தொடங்க மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. எனவே நீண்ட முடக்கம் நேர்ந்தால், அவ்விளையாட்டில் பதிந்த அட்டையின் கணக்கு அறிக்கையைக் கவனித்து வாருங்கள். அதே கடவுச்சொல்லை வேறிடத்தில் வைத்திருந்தால் அங்கே உடனே மாற்றிவிடுங்கள்.

எமக்குப் பெருங்கவலை தருவது, முடங்கிய நேரத்தில் பிள்ளைகள் இணையத்தில் தேடி எடுக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்கள். விளையாட்டு நிறுவனங்களுள் பல தொலைபேசி உதவியே வைத்திருப்பதில்லை. முறையீட்டைச் செயலிக்குள்ளேயே பெறுகின்றன. எதிர்முனையில் பேசுபவர் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னாலோ, பணத்தைத் திருப்பித் தர யுபிஐ பின் கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டிருந்தால் முதலில் 1930 என்னும் எண்ணையும், உடனே உங்கள் வங்கியையும் அழையுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவை உள்ள குறுஞ்செய்தியை அழிக்காமல் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.