சுமத்ராவிலிருந்து புகை மட்டும் வருவதில்லை: சிங்கப்பூர்க் கடல் சில மாதங்களில் ஏன் கூடுதலாக அமிலமாகிறது?

புகைமூட்டம் வந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். தொண்டை கரகரக்கும், கைத்தொலைபேசியில் பிஎஸ்ஐ அளவைப் பார்ப்போம், முகக்கவசத்தைத் தேடுவோம். அதே சுமத்ரா நிலத்திலிருந்து இன்னொன்றும் ஆண்டுதோறும் சிங்கப்பூருக்கு வருகிறது. கடல்வழியாக வருவதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

அதைக் கவனித்தவர்கள் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர் பேட்ரிக் மார்ட்டினின் குழுவினர். பல ஆண்டுகளாகச் சிங்கப்பூர் நீரிணையில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின.

முதலில், கடல் அமிலமாவதுன்னா என்ன?

மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால்வாசியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அது கார்போனிக் அமிலமாகிறது. சோடா குடிக்கும்போது நாக்கில் சுள்ளென்று இருக்கிறதே, அதே அமிலம்தான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் அளவு இப்போது 8.1 வாக்கில் இருக்கிறது.

வெறும் 0.1தானே என்று தோன்றலாம். ஆனால் பிஎச் சாதாரண அளவுகோல் இல்லை. ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 0.1 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கு மேல் கூடிவிடும். பயப்படாதீங்க, நீந்தினால் தோல் எரியாது. கடல் இன்னமும் காரத்தன்மை கொண்டதுதான். சிக்கல் பவளங்களுக்கும் சிப்பிகளுக்கும். ஓடும் கூடும் கட்ட அவற்றுக்குக் கார்பனேட் வேண்டும். கூடுதல் ஹைட்ரஜன் அயனிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வீடு கட்டும் நேரத்தில் சிமெண்ட் தட்டுப்பாடு வந்த மாதிரி!

இதில் சுமத்ரா எங்கே வருகிறது?

அதன் கிழக்குக் கரையோரம் பரந்த பீட் நிலங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் ஊறியபடி, முழுசாக மக்காமல் சேர்ந்த நிலம் அது. அங்கிருந்து வடியும் ஆறுகள் 'தே-ஓ' நிறத்தில் இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம், கரைந்திருக்கும் கரிமப் பொருள்.

ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். இங்கே கடல் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது, பீட் நிலத்து நீரோடு கலப்பதற்கு முன்பே தென்சீனக் கடல் நீர் நம்மை எட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது, கலந்த பிறகு வருகிறது. ஆக, ஒரே இடத்தில் நின்றபடியே 'கலப்பதற்கு முன், கலந்த பின்' என்று ஒப்பிட முடிகிறது.

நிலத் தாவரங்களின் கார்பனுக்கும் கடலின் கார்பனுக்கும் ஐசோடோப் கைரேகை வேறு வேறு. அதை வைத்துக் கணக்கிட்டதில், வந்து சேரும் நிலக் கரிமப் பொருளில் 60 முதல் 70 விழுக்காடு கரையோரக் கடலிலேயே சிதைந்து கரியமில வாயுவாகிவிடுகிறது என்று தெரிந்தது. அதனால் பிஎச் அதிகபட்சம் 0.10 வரை குறைகிறது. உலகப் பெருங்கடல்களுக்கு இரண்டு நூற்றாண்டு பிடித்த இறக்கம், இங்கே ஒரே பருவத்தில்! காற்று திசை மாறியதும் மீண்டும் ஏறிவிடும் என்பது ஓர் ஆறுதல்.

பீட் நிலத்திலிருந்து கரிமப் பொருள் கசிவது இயற்கைதான். ஆனால் செம்பனைக்கும் காகிதக்கூழ் மரங்களுக்கும் கால்வாய் வெட்டி நீரை வடியவிட்டதால் கசிவு கூடியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புகைமூட்டத்தைக் கிளப்புவதும் அப்படிக் காய்ந்துபோன நிலம்தான்.

நம் கடலில் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் இருக்கின்றன. நிலமீட்பில் பாறைகளில் பெரும்பகுதி போய்விட்டது; மிஞ்சியவை கலங்கல் நீரில் வாழ்கின்றன. 'தே-ஓ' நிறம் அவற்றுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தையும் குறைக்கிறது. உலகக் கடல்களின் நிரந்தர அமில உயர்வு இந்தப் பருவகாலச் சுமைக்கு மேல் வந்து சேர்கிறது.

அளவெடுக்கத் தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது? அதையும் பவளத்திடமே கேட்கலாம். வளரும்போது அது நீரிலுள்ள நிலக் கரிமப் பொருளையும் தன் கூட்டுக்குள் பூட்டிவைக்கிறது. அந்தக் கூட்டை அறுத்துப் புறஊதா ஒளியில் காட்டினால், அந்தப் பொருள் சேர்ந்த பட்டைகள் ஒளிர்கின்றன.